இடது ஃபிளாப்பில் ஒரு டிகிரி

ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வேலையில் பெருமைப்பட்ட தருணம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். பெருமை எல்லாம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, ஷீல்டும் சால்வையுமாக. வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம், காபியும் கிடைக்கும். நான் எழுதப்போவது வேறு.

சமீபத்தில் மைசூரில் தெரிந்த ஒருவருடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். விமான இறக்கையின் ஃபிளாப் சரிவை அளக்க இப்போது கையடக்கமான டிஜிட்டல் கருவி வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் எண் மின்னுகிறது. "இதுல தப்பே வராது சார்" என்றார் அங்கிருந்த மெக்கானிக். தப்பே வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. கருவியை வாங்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். பிறகு கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். என் தகப்பனார் ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்தவர். அவருக்கும் இதே குணம். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். நான் ஐந்து தடவை. என் மனைவி கோமதி சொல்வாள்: "இவருக்கு சாமி பிரசாதத்தக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுதான் வாயில போடுவாரு." பொய்யில்லை.

விமானப்படையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது இந்தக் குணத்துக்கு மரியாதை கிடைத்தது. பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். காலையில் ஓடினோம், பகலில் அரத்தால் இரும்பை ராவினோம், சாயங்காலம் திட்டு வாங்கினோம். முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த ஒன்றை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். ரசமட்டத்தை நம்புவதற்கு முன் அதை முன்பின்னாகத் திருப்பி வைத்து இன்னொரு தடவை பார். இரண்டு தடவையும் ஒரே அளவு வந்தால்தான் கருவி சரி. கொஞ்ச காலம் அப்படிச் செய்தேன். பிறகு விட்டுவிட்டேன், யாரும் கேட்கவில்லை.

ஒரு தளத்தில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனது. ஆறு பேர் எண்ணிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டு இறக்கையின் அடித்தகட்டைத் திறக்க வைத்தேன். ஸ்பேனர் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு நடுவே சாவகாசமாகப் படுத்திருந்தது. அன்று வாங்கிய பாராட்டு என்னைக் கெடுத்தது. மனிதனை நம்பாதே, கருவியை நம்பு என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவோடுதான் ஓய்வு பெற்று மைசூர் திரும்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பொன்னப்பா சாரிடம் சேர்ந்தேன். குடகுக்காரர், விமானப்படையில் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நஞ்சன்கூடு சாலைப் பக்கம், பழைய ஓடுதளம் ஒன்றின் ஓரத்தில், தேங்காய்க் கிடங்காக இருந்த ஷெட்டை வாங்கி, அதற்குள் சொந்தமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இருக்கை. மர எலும்பு, மேலே துணி ஒட்டி, அதை விறைக்க வைக்கும் டோப் என்ற பூச்சுப் பூசியது. மரவேலை முழுக்க மாதேசனுடையது. இஞ்சின், கம்பி, கட்டுப்பாடுகள் எல்லாம் என் பொறுப்பு.

பொன்னப்பா சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் கேள்வியையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார். "ஆயிது" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரம் வந்தால் பேனாவைத் திறந்து வேலை செய்தவன் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "நீ உக்காருவியா?" கட்டுப்பாடுகளைத் தொட்டவன் எவனோ அவன் அடுத்த பறப்பில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பயந்து நான் அவிழ்த்து மறுபடி முடுக்கிய நட்டுகள் எத்தனையோ.

மாதேசன் மார்டள்ளிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். கொள்ளேகால், ஹனூர் தாண்டிப் போனால் காட்டோரம் இருக்கும் தமிழ் ஊர் அது. கை சுத்தமான தச்சன். அவன் இழைத்த பலகையில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டலாம். ஊர் தூரம் என்பதால் ஷெட்டிலேயே தங்கியிருந்தான். அந்த வருஷங்களில் அவன் ஊர்ப் பக்கத்துக் காட்டில் சந்தனக் கடத்தல் கும்பலைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அங்கே போகிற, வருகிற ஆண்களைச் செக்போஸ்ட்டில் இறக்கி, எங்கே வேலை, யாரிடம் வேலை என்று குடைவார்கள். அதற்காகவே பொன்னப்பா சார் அவனுக்கு, இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். குளிக்கப் போகும்போதுகூடக் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில்தான் அது தொங்கும். என்னை "அண்ணா" என்பான்.

இனி ஃபிளாப். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்கும்போது மெதுவாக வர வேண்டும். மெதுவாக வந்தால் இறக்கை தாங்கும் சக்தி குறையும். அதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கதவு மாதிரி ஒரு பலகை இருக்கிறது. அதைக் கீழே மடக்கினால் இறக்கை கூடுதலாகத் தாங்கும், வேகமும் அடங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மடங்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் விமானம் அந்தப் பக்கம் சாயும். உயரத்தில் சாய்ந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் சாய்ந்தால் நிமிர்த்த இடமில்லை.

எங்கள் விமானத்தில் இரண்டு இருக்கைக்கும் நடுவே ஜீப் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு லீவர். மூன்று பல். பத்து, இருபது, முப்பது டிகிரி. லீவரிலிருந்து ஒவ்வொரு பக்கத்து ஃபிளாப்புக்கும் ஒரு தள்ளுகம்பி. கம்பியின் முனையில் மரை, மரையைப் பிடித்து நிறுத்த ஒரு பூட்டு நட்டு. முதலில் விமானத்தை ஜாக்கி வைத்து மட்டப்படுத்துவேன். லீவரை மூன்றாம் பல்லில் போடுவேன். ரசமட்டம் பதித்த பித்தளை புரோட்ராக்டர் ஒன்று என் சொந்தக் கருவி. மூன்று விரற்கடை நீளம்தான் அதன் அடி. அதை ஃபிளாப்பின் மேல் நடுவில் வைத்துக் குமிழி அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பேன். ஒவ்வொரு பக்கமும் மூன்று தடவை. அளவு தப்பினால் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியை அரைச் சுற்றுத் திருப்பி, திரும்பவும் முடுக்குவேன். முடிந்ததும் நட்டுக்கும் கம்பிக்கும் குறுக்கே சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. யாராவது நட்டைத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

விமானம் அதற்குள் நாலைந்து தடவை பறந்து இறங்கியிருந்தது, ஒரு குறையும் இல்லை. மாதேசனுக்கு மட்டும் என் பித்தளைமேல் ஒரு கண். ஃபிளாப் சரியாக முப்பதில் நிற்கும்போது, இறக்கைக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே பொருந்துகிற மாதிரி பிளைவுட்டில் ஓர் ஆப்பு அறுத்துக் கொண்டுவந்தான்.

"இத வெச்சுப் பாத்தா ஒரு நொடில தெரிஞ்சுருமுங்கண்ணா. குமிழி நிக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாமுங்க."

"பலகையை வச்சு பிளேன் அளக்கச் சொல்றியா? நாளைக்கு முழம் போடச் சொல்லுவ" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆனால் ஆப்பை எறியவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. இவன் எதற்கு என் வேலைக்குள் கையை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை. மைசூர் தசராவை நான் வர்ணிக்க வேண்டியதில்லை, ஊரே பூசணிக்காயும் சாமந்தியுமாக இருக்கும். எங்கள் ஷெட்டிலும் புரொபெல்லருக்கு மாலை போட்டோம், மூன்று சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். எல்லாக் கருவிகளையும் சிவப்புத் துணி விரித்து அடுக்கினோம். மாதேசன் சந்தனம் குழைத்து, அட்சதை சேர்த்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தான். என் புரோட்ராக்டரிடம் வந்ததும் எனக்குப் பதறிவிட்டது.

"டேய், டேய்! கண்ணாடி மேல வைக்காத! சந்தனம் ஒட்டிக்கிட்டா அளவே தெரியாது. கவுத்து அடியில வை!"

வைத்தான். கற்பூரம் காட்டினோம். மறுநாள் விஜயதசமி, யாரும் எதையும் தொடக் கூடாது. அதற்கடுத்த நாளும் ஷெட் மூடித்தான் இருந்தது. நான் வீட்டிலிருந்தேன். ஷெட்டில் மாதேசன் மட்டும்.

லீவு முடிந்து வந்ததும் கருவிகளை எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒரு நாளுக்கு மேல் ஷெட் மூடியிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி அளப்பது என் பழக்கம். ஃபிளாப்பை இறக்கினேன். இடது பக்கம் முப்பத்தொன்று. வலது பக்கம் இருபத்தொன்பது. மூன்று தடவை பார்த்தேன். மாறவில்லை.

பூஜைக்கு முதல் நாள் இரண்டும் முப்பது, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஓடிப்போய் நட்டுகளைப் பார்த்தேன். சிவப்புக் கோடுகள் இரண்டும் முழுசாக இருந்தன. இதைப் பார்த்து வேறொருவன் நிம்மதி அடைந்திருப்பான். எனக்கோ சந்தேகம் இரட்டிப்பானது. பெயின்ட் டப்பா ஷெட்டிலேயே இருக்கிறது. நட்டைத் திருப்பிவிட்டுப் புதிதாகக் கோடு போட எவ்வளவு நேரமாகும்? கோடு போடத் தெரிந்த கை, அதுவும் தச்சன் கை, யாருடையது?

"மாதேசா, ஃபிளாப் ராடைத் தொட்டியா?"

"இல்லீங்கண்ணா. நானு எதுக்குத் தொடறேன்?"

"இடது முப்பத்தொண்ணு காட்டுது, வலது இருபத்தொம்பது. தானா மாறுமா?"

அவன் போய் அந்த ஆப்பை எடுத்து வந்தான். இடது பக்கம் செருகினான், பொருந்தியது. வலது பக்கமும் பொருந்தியது. "ரெண்டும் முப்பதுதானுங்களே. பாருங்கண்ணா, என்ற ஆப்பு சரியா ஒக்காருது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல் இருந்தது. அட, இதற்காகத்தானா! தன் பலகைதான் சரி, என் பித்தளை தப்பு என்று காட்ட இவனே கம்பியைத் திருப்பியிருக்கிறான். என் மூளை எவ்வளவு வேகமாக அதைக் கட்டிக் கொடுத்தது என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆப்பைப் பிடுங்கிக் கழிவு மரக்குவியலில் எறிந்தேன். என் பித்தளை சொன்னபடி இரண்டு பக்கமும் கம்பியைத் திருத்தினேன். முப்பது, முப்பது. புதுக் கோடு போட்டேன்.

லீவரைக் கீழே சாய்த்து ஃபிளாப்பை மேலே ஏற்றியதும் மாதேசன் குனிந்து இறக்கையின் ஓரத்தைப் பார்த்தான். "அண்ணா, மேல தூக்குனா எடது பக்கம் ஒண்ணரை நூலு ஏறி நிக்குதுங்க. வலது அதே அளவு எறங்கி நிக்குது. முன்னால ரெண்டும் ஒட்டி நின்னுதுங்களே."

தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அவன் சொன்னது உண்மைதான், என் கண்ணுக்கும் தெரிந்தது. "மழைக்காலம் முடிஞ்சா மரம் அசையத்தான் செய்யும். அது உன் மரத்தோட கோளாறு" என்றேன்.

"மாதேசுவரன் மேல ஆணையா நானு தொடலீங்கண்ணா."

"உன் ஆணையை வச்சு பிளேன் பறக்காது."

நேராகப் பொன்னப்பா சாரிடம் போனேன். இந்த ஆள் இருக்கிற ஷெட்டில் என்னால் கையெழுத்துப் போட முடியாது, அவனா நானா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன்.

"அவன் திருப்பினத பாத்தியா?"

"இல்ல சார்."

"மத்தெ, பின்ன எத வெச்சு சொல்ற?"

"அளவை வச்சு சார். அளவு மாறியிருக்கு. சாவி அவன்கிட்ட மட்டும்தான் இருந்தது."

அளவு என்று சொன்னால் மறுத்துப் பேசாத மனுஷன் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "ஆயிது" என்றார்.

அனுப்புவதோடு நான் நிற்கவில்லை. கருவி ஏதாவது எடுத்துப் போகிறானா என்று பார்க்க, அவன் பையை ஷெட் நடுவில் கொட்டச் சொன்னேன். கொட்டினான். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, சவரப் பெட்டி, உளி நாலு, பெண்டாட்டிக்கு வாங்கிய மைசூர் ஊதுபத்திக் கட்டு, பூஜைப் பொரி ஒரு பொட்டலம். பொரிப் பொட்டலத்தையும் பிரிக்கச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். பிரித்ததில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவன் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பிறகு, "லெட்டரைக் குடுத்துட்டுப் போ. இனிமே நீ இங்க வேலை செய்யல" என்றேன். சட்டைப் பையிலிருந்து உறையோடு எடுத்து என் கையில் வைத்தான். முகத்தை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பறப்பு. இறக்கை ஓரம் ஏறி இறங்கியிருந்ததைச் சார் கவனித்தார். மரம் அசைந்திருக்கிறது என்று அவரிடமும் சொன்னேன். பேனாவைத் திறந்து கொடுத்தார். "நீ உக்காருவியா?"

"உக்காருவேன் சார்."

ஏறினோம். சாமுண்டி மலை ஒரு பக்கம் தெரிய, கரும்பு வயல்களுக்கு மேலே நல்ல உயரம் போனார். ஃபிளாப்பை முதலில் உயரத்தில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வருவது அவர் முறை. முதல் பல். ஒன்றுமில்லை. இரண்டாம் பல்லில் இடது இறக்கை மெல்லக் கீழே போக, அவர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி நிறுத்தினார். மூன்றாம் பல்லில் வேகம் குறையக் குறைய ஸ்டிக் அவர் வலது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் இறக்கை நிமிர மறுத்தது.

"ஷண்முகம், இது என்ன?"

ஆகாயத்தில், உயிர் கையில் இருக்கும்போது, நான் சொன்னதைக் கேளுங்கள். "அவன்தான் சார். ராத்திரி திரும்பி வந்திருக்கான். மறுபடியும் திருப்பியிருக்கான்."

அவர் லீவரைக் கீழே சாய்த்து ஃபிளாப்பை முழுக்க மேலே ஏற்றினார். ஃபிளாப் இல்லாமல் இறங்கினால் வேகம் அடங்காது. எங்கள் ஓடுதளமோ சின்னது. முதல் தடவை வந்து, உயரம் அதிகம் என்று மறுபடி ஏறினார். இரண்டாம் தடவை ஓடுதளத்தின் நுனியிலேயே சக்கரத்தை வைத்தார். பிரேக் கிறீச்சிட்டது, கட்டாந்தரை முடிந்து புல் வந்தது, புல்லில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் சிதறின. முள்வேலிக்கு ஒரு லாரி நீளம் இருக்கும்போது நின்றோம். அந்த ஃபிளாப்போடு தரைக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் இறங்கி, பதிவேட்டை என் மடியில் வைத்தார். "என்ன ஆச்சுன்னு நீயே எழுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஷெட்டில் நான் தனியாக. விமானத்தை மட்டப்படுத்தி அளந்தேன். முப்பது, முப்பது. சிவப்புக் கோடுகள் நான் போட்டவையே, ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மாதேசன் வரவில்லை. யாரும் வரவில்லை. அளவு சரி, கோடு சரி, ஆனால் விமானம் சாய்ந்தது. கடைசியில் போய்க் கழிவு மரக்குவியலைக் கிளறி அந்த ஆப்பைத் தேடி எடுத்தேன். வலது பக்கம் செருகினால் ஆடியது. இடது பக்கம் உள்ளேயே போகவில்லை.

முதல் வாரப் பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புரோட்ராக்டரை ஃபிளாப்பில் வைத்துப் படித்தேன். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் படித்தேன். இரண்டு டிகிரி வித்தியாசம். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு முனையில், காய்ந்து கல்லான சந்தனத்துக்குள் மஞ்சள் அட்சதை அரிசி ஒன்று. மஞ்சள் பித்தளையில் மஞ்சள் அரிசி, கண்ணில் படவே படாது. துடைத்தபோது மேலே கண்ணாடியையும் டயலையும்தான் பளபளப்பாக்கியிருக்கிறேன். இடது இறக்கையின் வெளிப்பக்கம் விமான உடலைப் பார்த்து நின்றால் விமானத்தின் மூக்கு என் இடது கைப்பக்கம். வலது இறக்கைக்குப் போனால் என் வலது கைப்பக்கம். டயல் எப்போதும் என்னைப் பார்த்திருப்பதால், கருவி இரண்டு இறக்கையிலும் முன்பின் மாறி உட்காரும். அந்த ஒற்றை அரிசி இடது பக்கம் ஒரு டிகிரி கூட்டியும் வலது பக்கம் ஒரு டிகிரி குறைத்தும் காட்டியிருக்கிறது. சரியாக நின்ற ஃபிளாப்பை நானே திருப்பிக் கெடுத்திருக்கிறேன்.

கவுத்து அடியில வை. சொன்னது என் வாய்.

அடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டைவிரல் நகத்தால் அந்த அரிசியைச் சுரண்டி எறிந்தேன். சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. பதிவேட்டைத் திறந்து, மழைக்குப் பின் மரம் அசைந்ததால் ஃபிளாப் அளவு மாறியிருக்கலாம் என்று எழுதினேன். கம்பிகளைச் சரியாகத் திருத்தி, கோடு போட்டு, ஷெட்டைப் பூட்டினேன். ஐந்து தடவை இழுத்துப் பார்த்தேன்.

வீட்டில் கோமதி தட்டை வைத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன இது, நகத்துக்குள்ள சந்தனம்? பூஜை முடிஞ்சு எத்தன நாளாச்சு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், பொரிப் பொட்டலம் வரை. அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "பால்காரர் மேல சந்தேகம், பஸ் கண்டக்டர் மேல சந்தேகம், என் மேல கூட உண்டு. உங்க மேல ஒரு தடவை பட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்றாள்.

காலையில் பதிவேட்டோடு சார் வீட்டுக்குப் போனேன். எழுதியதை அவர் எதிரிலேயே அடித்துவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அடியில வெக்க சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

மேஜை இழுப்பறையைத் திறந்து, அன்று நான் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்திருந்த மாதேசனின் கடிதத்தை எடுத்தார். உறை கசங்காமல் இருந்தது. "இத நீயே கொண்டுபோய்க் குடு. ஆயிது" என்றார்.

கொள்ளேகால் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஹனூர் தாண்டியதும் செக்போஸ்ட்டில் ஆண்களை இறக்கினார்கள். என் பையையும் திறந்து பார்த்தார்கள். எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, அவன் உனக்கு யார் என்று கேட்டார்கள். என் ஓய்வூதிய அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவனிடம் காட்ட எந்த அட்டையும் இல்லை. பஸ் கிளம்பும்போது அவன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

மாதேசன் வீட்டு வாசலில் யாருக்கோ கதவு நிலை இழைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இவருதானா?" என்று அவனிடம் கேட்டாள். "ஆமா" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள். நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன், நகத்தால் சுரண்டியதையும். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். அவன் இழைப்புளியை நிறுத்தவில்லை.

"செக்போஸ்ட்டுல எறக்கிட்டாங்க. லெட்டரு எங்கேன்னாங்க. இல்லீன்னேன். இத்தன நாளா இருந்துச்சே, இப்ப ஏன் இல்லீன்னாங்க." சுருளை ஊதித் தள்ளினான். "அதுக்கு என்னத்தச் சொல்றதுங்க? பொழுதுக்கும் உக்கார வெச்சுட்டாங்க."

கடிதத்தை நீட்டினேன். வாங்கி, பிரித்து, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தான். பிறகுதான் கேட்டான்: "என்ற ஆப்பு இருக்குதுங்களா, எறிஞ்சுட்டீங்களா?"

"இருக்கு. ஆணியில மாட்டி வச்சிருக்கேன்."

நிலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வந்தான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதன்பின் ஃபிளாப்பை நான் பித்தளையால் அளந்தால் அவன் ஆப்பால் பார்ப்பான், இரண்டும் ஒத்தால்தான் கோடு. ஷெட்டில் தங்குவதை விட்டுவிட்டான், பக்கத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டான். "அண்ணா" என்பது போய் "சார்" வந்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் கிளம்பும்போது என் முன்னால் வந்து நின்று, பையை அகலத் திறந்து பிடித்தான். சாப்பாட்டுத் தூக்கின் மூடியையும் எடுத்தான்.

"என்ன மாதேசா இது? மூடுப்பா."

"இருக்கட்டுங்க சார். பாத்துக்கங்க."

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் மூடினான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சாரிடம் சொல்லியும் பார்த்தேன். நாலு வருஷம், வேலை நாள் ஒன்று விடாமல், பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனான். முகத்தில் கோபம் இருக்காது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில நாட்கள் என் கண் தானாக உள்ளே போய்த் துழாவிவிட்டுத்தான் வரும்.

பொன்னப்பா சாருக்குக் கண்பார்வை மங்கி, விமானத்தை விற்றுவிட்டு ஷெட்டை மூடினார். கடைசி நாள் ஆணியிலிருந்து ஆப்பை எடுத்து மாதேசனிடம் கொடுத்தேன். அவன் தன் பையை எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் பையைத் திறந்து, அவன் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாரு மாதேசா. இன்னிக்கு நீ பாரு" என்றேன்.

அவன் என் பைக்குள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"எதுக்குங்க சார்? நானு உங்களெ ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லீங்களே" என்றான்.

பிறகு தன் பையைத் திறந்து காட்டினான்.